நம் ஊர் மக்களை அறிவோம்



தன் ஊரை அறியாமல் உலகை அறியப் புறப்படுவது, ஊன்ற இடமின்றி ஏணியைச் சாத்துவது போன்றதாகும். நம் மாணவர்கள் பல நாடுகளின் தலைநகரங்களைத் தடையின்றி ஒப்பிக்கின்றனர். அது பாராட்டுக்குரியது. ஆயினும், “நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எத்தனை இனத்தார் வாழ்கின்றனர்?” என்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். “மூன்று இனத்தார், ஐயா!” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையளித்தது. அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அதனை முழுமையாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுதுவதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்.

ஊரும் பெயரும்

‘சுங்கை’ என்றால் ஆறு. ‘சிப்புட்’ என்றால் நத்தை. நத்தை ஆறு என்பதே நம் ஊர்ப் பெயரின் பொருள். பேராக் மாநிலத்தில் கோலகங்சார் மாவட்டத்தில், ஈப்போவுக்கும் அரச நகரான கோலகங்சாருக்கும் இடையே நம் ஊர் அமைந்துள்ளது. மேற்கே பேராக் ஆறு ஓடுகின்றது. கிழக்கே மலைத்தொடர் உயர்ந்து நிற்கின்றது. ஆறு, ஈயம், இரப்பர், மலைக்காடு ஆகிய நான்கையும் நினைவிற் கொள்ளுங்கள். யார் எங்கே குடியேறினர், எதனால் குடியேறினர் என்பதை இந்நான்குமே நமக்கு விளக்கும்.

ஆற்றோரத்து மலாய்க்காரர்

சாலைகள் தோன்றுவதற்கு முன்னர் ஆறே சாலையாக இருந்தது. ஆதலால் பேராக் மலாய்க்காரரின் பழைய கம்பங்கள் ஆற்றங்கரைகளில் அமைந்தன. நெல், பழமரங்கள், மீன் ஆகியவை அவர்கள் வாழ்க்கைக்கு ஆதாரமாயின. கோலகங்சாருக்கு எதிர்க்கரையிலுள்ள சாயோங் கிராமத்தில் வனையப்படும் ‘லாபு சாயோங்’ என்னும் கரிய மண்குடத்தை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். சுரைக்காய் வடிவிலான அக்குடம் இவ்வட்டாரத்தின் பழைய கைத்தொழிலுக்குச் சான்றாகும்.

‘மலாய்க்காரர்’ என்னும் ஒரே பெயருக்குள்ளும் பல பிரிவினர் உள்ளனர். பேராக் மாநிலத்தின் வேறு பகுதிகளில் சுமத்திராவிலிருந்து வந்த மண்டாய்லிங், இராவா மக்களும், போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களும், சாவகத்திலிருந்து வந்த ஜாவானியரும் குடியேறினர். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 160ஆம் விதி, இஸ்லாத்தைத் தழுவி, மலாய்மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் மரபைப் பின்பற்றுபவரை மலாய்க்காரர் என்கின்றது. இனம் என்பது குருதியால் மட்டுமே வகுக்கப்படுவதன்று; மொழியும் மரபும் சட்டமும் அதில் பங்கு பெறுகின்றன என்பதை இதனால் அறிகிறோம்.

ஈயம் தேடி வந்த சீனர்

1874ஆம் ஆண்டில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்பின் பேராக்கில் ஆங்கிலேயர் ஆதிக்கம் ஊன்றியது. 1880ஆம் ஆண்டுகளில் நமக்குத் தெற்கேயுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் தொழில் பெருகியது. ஆயிரமாயிரமாகச் சீனத் தொழிலாளர் வந்தனர். ஹக்கா, கந்தோனியர், ஹொக்கியன் எனப் பல பேச்சுமொழியினர் அவர்களுள் இருந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்கு எளிதில் விளங்காது. நாம் ‘சீனர்’ என்று ஒரே சொல்லில் குறிப்பிடும் மக்கள், தங்களுக்குள் ஊராலும் மொழியாலும் வேறுபட்டவர்களாகவே இங்கு வந்தனர். பின்னர்க் கடைகள் எழுந்தன, பசார் எழுந்தது, கோப்பிக்கடையும் மருந்துக்கடையும் தோன்றின. ஈயத்தொழில் நலிந்தபோது பலர் காய்கறித் தோட்டங்களிலும் சிறு இரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்தனர்.

பால்மரத்தோடு வந்த நம்மவர்

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த இரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, கோலகங்சாரில் நடப்பட்டன. நட்டவர் அன்றைய பேராக் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ. அக்கன்றுகளுள் ஒன்று முதிர்ந்த மரமாக இன்றும் அந்நகரில் நிற்கின்றது. மாணவர்களே, அம்மரத்தை ஒருமுறையேனும் சென்று காணுங்கள். உங்கள் பாட்டனார் இந்நாட்டிற்கு வந்த கதை அம்மரத்தின் அடியில்தான் தொடங்குகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. முதலில் சஞ்சி முறையிலும், பின்னர்க் கங்காணி முறையிலும் தமிழகத்திலிருந்து நம்மவர் அழைத்து வரப்பட்டனர். சஞ்சி முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர். நோய்த் தடுப்புக்காகப் பலர் முதலில் ஜெரெஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டனர். ‘ரஜூலா’ கப்பலின் பெயரை அறியாத முதியவர் நம் தோட்டங்களில் அன்று இருந்ததில்லை. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அத்துடன் அந்தப் பெருவரவு ஓய்ந்தது.

‘இந்தியர்’ என்னும் பெயருக்குள்ளும் பலர் அடங்குவர். 1873ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்பீடி என்பார் லாருட் பகுதிக்கு அழைத்து வந்த வீரர்களைத் தொடர்ந்து பஞ்சாபியர் பேராக்கில் பெருகினர். பேராக் ஆற்றின்மீது காராய் அருகே 1900ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா பாலத்தின்வழி இரயில் ஓடத் தொடங்கியது. அந்நாள் இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். தோட்டங்களில் கிராணிகளாக மலையாளிகள் பலர் இருந்தனர். தெலுங்கர், செட்டியார், தமிழ் முஸ்லிம்கள் என இப்பட்டியல் நீளும். ஆயினும் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரே.

நம் ஊர் பெற்ற பெருமகனார் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1919ஆம் ஆண்டில் இங்கே பிறந்தார்கள். நம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை 1954ஆம் ஆண்டில் உருவாக்கியவர்கள் அவர்களே. 1950ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை நம்மவருக்கு ஏற்பட்டது. அதனைத் தடுக்க 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திய பால்வெட்டுத் தொழிலாளரே அச்சங்கத்தின் முதலாளிகள்.

மலைக்காட்டுத் தெமியார்

நம் மாணவர்கள் தம் விடையில் மறந்துவிட்டவர்கள் இவர்களே. லிந்தாங், லாசா ஆகிய இடங்களைக் கடந்து பிளூஸ் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றால், கோல மூ, பியா முதலிய இடங்களில் தெமியார் மக்கள் வாழ்வதைக் காணலாம். தீபகற்பத்தின் பூர்வக்குடியினரான ஓராங் அஸ்லி மக்களுள் 18 பிரிவுகள் உண்டு. அவற்றுள் சினோய் வகையைச் சார்ந்த ஒரு பிரிவினர் தெமியார். அவர்தம் மொழி மலாய்மொழியின் கிளையன்று; வியட்நாமிலும் கம்போடியாவிலும் பேசப்படும் மொழிகளோடு தொலைதூர உறவுடைய ஆஸ்திரோ ஆசிய மொழியாகும். நாம் அனைவரும் இங்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அவர்கள் இங்கிருந்தார்கள். நத்தை ஆற்றங்கரையில் முதற்கடை எழும் முன்பே அம்மலைகளில் மலைநெல்லும் மரவள்ளியும் விளைவித்தவர்கள் அவர்கள்.

கம்பிவேலிக் காலம்

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நம் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது 1960ஆம் ஆண்டு ஜூலையில்தான் நீங்கியது. இப்பன்னிரண்டு ஆண்டுகள் நம் ஊரின் குடியமைப்பையே மாற்றிவிட்டன.

காட்டோரங்களில் பயிரிட்டு வந்த சீனர்கள், 1950ஆம் ஆண்டில் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டனர். நாடெங்கும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் இவ்வாறு இடம் மாற்றப்பட்டனர். நம் அருகிலுள்ள ரிம்பா பாஞ்சாங், ஜாலோங் போன்ற குடியிருப்புகள் அக்காலத்தை நினைவூட்டுவன. தோட்டங்களில் சிதறிக் கிடந்த நம் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டுக் கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்டன. மலாய் இளைஞர் பலர் சிறப்புக் காவலராகிக் குடும்பத்தைப் பிரிந்தனர். தெமியார் மக்களும் மலையிலிருந்து இறக்கப்பட்டு முகாம்களில் வைக்கப்பட்டனர். பழகாத வெப்பத்திலும் நோயிலும் பலர் மாண்டனர்.

சீன மூதாட்டியர் புதுக்கிராமத்து வேலியைப் பற்றிக் கூறுவர். நம் பாட்டியர் லயத்து வேலியைப் பற்றியும் அளந்து கொடுத்த அரிசியைப் பற்றியும் கூறுவர். இரண்டும் ஒரே காலத்து வேலி. ஒரே காலத்து அரிசி. ஆனால் ஒருவர் கதை மற்றவர் காதில் விழுந்ததில்லை. ஒரே ஊரில் வாழ்ந்தும் நாம் தனித்தனியே அழுதிருக்கிறோம்.

கணக்கெடுப்பும் கட்டங்களும்

ஒரு நாட்டின் மக்களை எண்ணுவது குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எனப்படும். நம் நாட்டில் இப்போது இது பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. அண்மையில் நடந்தது 2020ஆம் ஆண்டுக்குரியது. எண்ணும்போது மக்களைக் கட்டங்களில் இட வேண்டியிருக்கின்றது. அக்கட்டங்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, மனிதர் வகுத்தவை, காலந்தோறும் மாறியவை.

தொடுகடற் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘இந்தியர்’ என்னும் தலைப்பு இல்லை. ‘தமிழரும் இந்தியாவின் பிற மக்களும்’ என்றே தலைப்பிடப்பட்டிருந்தது. ‘இந்தியர்’ என்னும் தலைப்பு பின்னர் வந்தது. இந்நாளில் ‘பூமிபுத்திரர்’ என்னும் தலைப்பின்கீழ் மலாய்க்காரர், ஓராங் அஸ்லி, சபா சரவாக் மாநிலங்களின் பூர்வக்குடியினர் ஆகிய அனைவரும் அடங்குவர். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி குடிமக்களுள் பூமிபுத்திரர் 69.4 விழுக்காட்டினர், சீனர் 23.2 விழுக்காட்டினர், இந்தியர் 6.7 விழுக்காட்டினர், பிறர் 0.7 விழுக்காட்டினர். 69.4 என்னும் அவ்வெண்ணுக்குள் கோல மூவிலுள்ள ஒரு தெமியார்ச் சிறுவன் எங்கே இருக்கிறான் என்று தேடினால் கண்ணுக்குத் தெரியமாட்டான். அவ்வாறே 6.7 என்னும் எண்ணுக்குள் ஒரு தெலுங்குச் சிறுமியும் தனித்துத் தெரியமாட்டாள். அரசு திட்டம் தீட்டுவதற்குக் கட்டங்கள் தேவை. ஆனால் பக்கத்து வீட்டாரை அறிவதற்குக் கட்டம் போதாது.

விழுக்காடு: ஒரு கணக்குப் பாடம்

“நம் இனம் குறைந்துகொண்டே போகிறதே!” என்று தேநீர்க்கடையில் பெற்றோர் சிலர் கவலையுடன் பேசக் கேட்டிருக்கிறேன். இதனை ஆராய்ந்து பார்ப்போம்.

ஒரு வகுப்பில் 20 மாணவர். அவர்களுள் 4 பேர் கண்ணாடி அணிந்தவர் எனக் கொள்வோம். அது 20 விழுக்காடு. அடுத்த ஆண்டு வகுப்பில் 60 மாணவர். கண்ணாடி அணிந்தவர் 6 பேர். இது 10 விழுக்காடு. தொகை கூடியது, விழுக்காடு பாதியாயிற்று. இரண்டும் உண்மையே.

1957ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசின் மக்கள்தொகை ஏறத்தாழ 62 இலட்சத்து 80 ஆயிரம். அதில் இந்தியர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். அதாவது ஏறத்தாழ 7 இலட்சம் பேர். 2020ஆம் ஆண்டில் இந்தியக் குடிமக்கள் 6.7 விழுக்காட்டினர் எனினும், தொகை ஏறத்தாழ 20 இலட்சம். ஆகவே நாம் தொகையில் குறையவில்லை. விழுக்காடு குறைந்ததற்குக் காரணங்கள் உள. 1963ஆம் ஆண்டில் சபாவும் சரவாக்கும் சேர்ந்து மலேசியா உருவானதால் மொத்தத் தொகையே விரிந்தது. குடியுரிமை பெறாதவர் வேலை செய்ய உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டபின், பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் தாயகம் திரும்பினர். நம் குடும்பங்களும் சிறுத்துவிட்டன.

நம் தொகை உண்மையாகவே குறைந்த காலமும் ஒன்றுண்டு. சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் 1931ஆம் ஆண்டில் ஏறத்தாழ 624,000 இந்தியர் இருந்தனர். 1947ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 600,000 ஆயிற்று. பதினாறு ஆண்டுகளில் வளர வேண்டிய இனம் தேய்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது பலர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் பல்லாயிரவர் திரும்பி வரவேயில்லை. கணக்கேட்டில் இரண்டு எண்களுக்கு இடையேயுள்ள சிறு வேறுபாட்டிற்குப் பின்னால் எத்தனை வீடுகளின் கண்ணீர் உள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்றைய நிலை

இன்று பால்மரங்கள் இருந்த இடங்களில் செம்பனை நிற்கின்றது. நம்மவர் தோட்டங்களை விட்டுப் பட்டணத்து மலிவுவிலை வீடுகளுக்குச் சென்றுவிட்டனர். தோட்டப் பள்ளிக்குப் பிள்ளைகள் வேனில் வருகின்றனர். லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் தங்கியுள்ளனர். மலாய்க்காரரும் நிலக்குடியேற்றத் திட்டங்களாலும் அரசுப் பணிகளாலும் ஆற்றங்கரைகளுக்கு அப்பால் பரவியுள்ளனர். ஆறு ஒருவர்க்கு, ஈயம் ஒருவர்க்கு, இரப்பர் ஒருவர்க்கு என்றிருந்த பழைய அமைப்பு கலைந்துவிட்டது. நாட்டின் சராசரியை நோக்க, நம் ஊரில் இந்தியர் விகிதம் கூடுதலாகவே உள்ளது. ஆயினும் எவரும் இங்குத் தனித்து வாழ இயலாது. நம் பாட்டனார் படுத்துறங்கிய அதே லயத்தில், கடன்பட்டுக் கடல் கடந்து வந்த வேறொருவர் இன்று படுத்துறங்குகிறார். அவரை இகழ்வது நம் பாட்டனாரை இகழ்வதற்கு ஒப்பாகும்.

ஒரு சொல்லின் கதை

இனி, தொடக்கத்தில் கூறிய அந்தக் காரணத்திற்கு வருகிறேன்.

பள்ளிகளுக்கிடையிலான ஓட்டப் போட்டி ஒன்றில் நம் மாணவன் ஒருவன், தனக்கு முன்னால் ஓடி வென்ற தெமியார்ச் சிறுவனைப் பார்த்து ‘சக்காய்’ என்று கூவிவிட்டான். அவனை அழைத்து, “தம்பி, அச்சொல்லின் பொருள் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். “தெரியாது ஐயா. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்” என்றான்.

அவனைத் தண்டிக்க என் கை எழவில்லை. ஏனெனில், அவன் வயதில் நானும் அதே சொல்லைக் கூவியவன். நாங்கள் லயத்தில் வாழ்ந்த காலத்தில், தெமியார் முதியவர் ஒருவர் பெட்டாய்க் கட்டுகளைச் சுமந்துகொண்டு விற்க வருவார். ஒரு நாள் நானும் என் தோழர்களும் அவர் பின்னால் அச்சொல்லைக் கூவிக்கொண்டு ஓடினோம். அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சென்றுவிட்டார். பால்வெட்டு முடித்து வந்த என் தந்தையார் இதனை அறிந்தார். அவர் என்னை அடிக்கவில்லை. “பட்டணத்தில் என்னை ஒருவன் கிளிங்கன் என்றபோது, நான் வீட்டுக்கு வந்து சோறு உண்ணாமல் படுத்தது உனக்கு நினைவிருக்கிறதா? அவரும் இன்று அப்படித்தான் படுத்திருப்பார்” என்றார். அம்முதியவர் அதன்பின் எங்கள் லயத்துப் பக்கம் வரவேயில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. அக்குறை இன்றும் என் நெஞ்சில் உள்ளது.

‘கிளிங்’ என்னும் சொல் கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து பிறந்தது. பண்டைய மலாய் நூல்களில் அது இழிசொல்லாக வழங்கவில்லை, பிற்காலத்தில் இழிசொல்லாயிற்று. ‘சக்காய்’ என்பதோ அடிமையென்னும் இழிவு தோன்ற வழங்கிய சொல். காட்டு மக்கள் மனம் புண்படுவதை உணர்ந்து, அரசாங்கமே 1960ஆம் ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு, ‘ஓராங் அஸ்லி’ என்னும் பெயரை ஏற்றது. அரசு கைவிட்ட சொல்லை நம் வீடுகள் இன்னும் கைவிடாதிருப்பது முறையாகுமா?

அந்த மாணவனைத் தெமியார்ச் சிறுவனிடம் அனுப்பினேன். “மன்னிப்புக் கேள்; பிறகு அவன் பெயரைக் கேட்டு வா” என்றேன். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தவன், அச்சிறுவனின் பெயரைச் சரியாகச் சொன்னான். “அவனுக்குத் தமிழில் பத்து வரை எண்ணத் தெரிகிறது ஐயா. அவர்கள் மொழியில் எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை” என்றும் வருத்தத்துடன் கூறினான். அன்று அவன் கற்ற பாடம் என் பாடத்தினும் பெரிது.

முடிவுரை

பெற்றோர்களே! பிள்ளைகள் இழிசொற்களைப் பள்ளியில் கற்பதைவிட வீட்டில் கற்பதே மிகுதி. பிற இனத்தாரைப் பற்றி நாம் அடுப்படியிலும் திண்ணையிலும் பேசுவதை அவர்கள் கேட்டுக்கொண்டே வளர்கின்றனர். ஆதலால் நாவடக்கம் நம்மிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! “நம் ஊரில் எத்தனை இனத்தார் வாழ்கின்றனர்?” என்று இனி யாரேனும் கேட்டால், மூன்று என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு மக்களையும் அவர்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறார்களோ அப்பெயரால் அழையுங்கள். பிறர் பெயரை மதிப்பவனுக்கே தன் பெயருக்கு மதிப்புக் கேட்கும் உரிமை உண்டு.

பயிற்சி

1. உன் தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோர் பிறந்த ஊர்களைக் கேட்டு எழுதுக. அவர்கள் எவ்வேலைக்காக இவ்வூருக்கு வந்தனர்?

2. ஒரு சிற்றூரில் 500 பேர் வாழ்கின்றனர். அவர்களுள் தமிழர் 100 பேர். சில ஆண்டுகளில் ஊர்த் தொகை 1,000 ஆகவும், தமிழர் தொகை 150 ஆகவும் உயர்கின்றன. இரு காலத்து விழுக்காடுகளையும் கணக்கிடுக. தமிழர் கூடினரா, குறைந்தனரா? விளக்குக.

3. உன் அண்டை வீட்டாரிடமோ நண்பரிடமோ அவர்தம் தாய்மொழியில் ‘நன்றி’ கூறக் கற்றுக்கொள்க. அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுக.

4. அவசரகாலத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரோ அவர்தம் பிள்ளைகளோ உன் ஊரில் இருந்தால், கம்பிவேலிக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பத்து வாக்கியங்கள் எழுதுக. அவர் வேற்றினத்தவராயின் மேலும் சிறப்பு.